ஓடுபாதையில் ஒரு நெட்பால் ஆட்டம்

எங்கள் மலை ஊரான யாங்கோபியில் விமானம் ஏறுகிறவர்கள் முதலில் தராசில் ஏறியாக வேண்டும். காப்பிக்கொட்டை மூட்டை நிறுக்கிற அதே தராசு. அன்று காலை எங்கள் நெட்பால் அணியின் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதில் ஏறி இறங்க, ஓடுபாதை ஓரத்தில் ஊரே கூடி நின்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஏறியதும் முள் போன இடத்தை விமானி லேபன் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு என் நெற்றியிலிருந்து முதுகில் தொங்கிய பிலும் என்கிற பின்னல் பையைப் பார்த்து, அதில் என்ன என்று கேட்டான். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்றேன். டவுனில் கிழங்கு கிடைக்காதா என்றான். டவுன் கிழங்கைத் தின்றுவிட்டு எவளும் ஜெயித்ததில்லை என்று எங்கள் கேப்டன் கெபேனா எனக்காகப் பதில் சொன்னாள். கடைசியில் கிழங்கு ஊரில் தங்கியது, நான் ஏறினேன்.

என் பெயர் சிப்போராள். காப்பித் தோட்டம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அணியில் நான் கோல் கீப்பர். எதிரணிக்காரி வளையத்தைப் பார்த்துப் பந்தை எறியும்போது அவள் முகத்துக்கு நேரே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. உயரமும் அகலமும் உள்ளவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

டவுனில் மறுநாள் மாகாணப் போட்டி தொடங்க இருந்தது. லேபன் எங்களை அங்கே இறக்கிவிட்டு, திரும்பி வந்து பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கிற கிமாலே அணியை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கிமாலேக்காரிகளுக்கும் எங்களுக்கும் பல வருஷப் பகை. பகை என்றால் பந்தில் மட்டும்தான். கல்யாணம், பன்றி, துக்கம் எல்லாவற்றிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அவர்களுடைய கேப்டன் உலாம்பி எங்கள் ஊரில் பிறந்தவள். கெபேனாவின் புருஷனுக்குக் கூடப்பிறந்த தங்கை. கிமாலேயில் வாழ்க்கைப்பட்டுப் போய், பிறந்த வீட்டுக்கு எதிராகவே கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பற்றிக் கெபேனா பேசத் தொடங்கினால் நாங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

விமானம் விடிந்ததும் வந்திருக்க வேண்டும். டவுனில் பனிமூட்டம் என்று வெயில் ஏறிய பிறகுதான் வந்தது. எங்கள் பக்கம் காலை மனுஷருக்கு, அதன் பிறகு எல்லாம் மேகத்துக்கு. லேபன் கடலோரத்துக்காரன், எங்களைவிட இளையவன். குளிருக்குப் பயந்து கம்பளித் தொப்பி போட்டிருப்பான், வாயில் எந்நேரமும் பாக்கு இருக்கும். அன்று பாக்கைத் துப்பிவிட்டு, வானத்தையே பார்த்துக்கொண்டு எங்களை ஏற்றினான்.

முன்னால் அவன் பக்கத்தில் கெபேனா உட்கார்ந்தாள். இந்த விமானத்தில் இரண்டு கேப்டன் இருக்கிறார்கள், அதனால் பயமில்லை என்று எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். பைகளுக்கு இடமில்லாததால் பந்து என் மடிக்கு வந்தது.

டவுனுக்குப் போக ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். இரண்டு மலைகளுக்கு நடுவே கோடாலியால் வெட்டியது போல ஓர் இடைவெளி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த இடைவெளி இல்லை. கீழிருந்து மேல்வரை வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. லேபன் அதன் முன்னால் ஒரு வட்டம் போட்டான், பிறகு திரும்பிவிட்டான். திரும்பினால் வந்த வழியில் மழை. பக்கவாட்டில் ஒதுங்கிக் கிமாலேப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். அங்கே இறங்க ஓடுபாதை உண்டு. ஆனால் அது பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது, அந்த அடியிலிருந்து மேகம் பொங்கும் பாலைப் போல எழும்பிக்கொண்டிருந்தது.

நாங்கள் அதற்குள் சுற்றினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் சிறுத்தது. ஒரு பக்கம் பாறை இவ்வளவு கிட்டத்தில் வந்தது, அதில் தொங்கிய பாசியில் நீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. எங்கள் சென்டர் மெயோ, அணியில் சின்னவள், ஜபம் பண்ண ஆரம்பித்தாள். பின்னால் யாரோ பைக்குள் வாந்தி எடுத்தார்கள். மலையில் பிறந்த எல்லோருக்கும், மேகத்துக்குள் போய்த் திரும்பாத ஒரு விமானத்தையாவது தெரியும். நான் பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒன்றின் சத்தம் எங்கள் ஊருக்கு மேலே கேட்டு, தேய்ந்து, நின்றுபோனது. என் அப்பாவும் மற்ற ஆண்களும் மழைக்காலம் முடியும்வரை தேடினார்கள். அந்தச் சத்தம் என் காதில் அப்போது கேட்டது. பந்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

லேபன் ஒரே ஒரு தடவை திரும்பினான்.

"அக்கா, எல்லாரும் பெல்ட்டை இறுக்குங்க. தலையை முழங்கால்ல வச்சுக்குங்க. நான் இறக்கப்போறேன்."

"எங்க தம்பி?" என்றாள் கெபேனா.

"மலைமேல."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

முதலில் புல் விமானத்தின் வயிற்றில் உரசுகிற சத்தம். பிறகு ஒரு குத்து, அதைவிடப் பெரிய இன்னொரு குத்து. விமானம் மேட்டில் ஏறி ஓடுவது முதுகில் தெரிந்தது. திடீரென்று இடது பக்கமாகச் சுழன்றது, அடியில் ஏதோ பிய்ந்து போனது, பன்றிவேலிக் கழிகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் மழை கூரையில் விழுகிற சத்தம் மட்டும்.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்ள யாருக்கும் தைரியமில்லை.

"சென்டர்," என்று முன்னாலிருந்து கெபேனாவின் குரல் வந்தது, மைதானத்தில் அழைப்பது மாதிரியே.

"இருக்கேன்க்கா," என்றாள் மெயோ.

ஷூட்டர் இருந்தாள். விங் டிஃபென்ஸ் இருந்தாள். ஒவ்வொருத்தியாக இருந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. பந்து வயிற்றில் அழுந்தி மூச்சு நின்றிருந்தது. கெபேனா இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்தது. நான் பந்தை ஓங்கித் தட்டினேன். அதற்குப் பிறகுதான் எல்லோரும் அழுதார்கள்.

பெட்ரோல் நாற்றம் வந்தது. லேபன் எங்களை இறங்கச் சொல்லி விரட்டினான். ஆளுயரப் புல்லுக்குள் குதித்து, ஓடி, தள்ளிப்போய் நின்று திரும்பிப் பார்த்தோம். நாலு எட்டுக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டம். அதற்குள் விமானம், முட்டிபோட்ட பன்றி மாதிரி, மூக்கை வேலியில் செருகிக்கொண்டு கிடந்தது. சக்கரங்களைக் காணோம். எங்களுக்குச் சிராய்ப்பு, வீக்கம், மெயோவுக்கு உதட்டில் கொஞ்சம் ரத்தம். லேபனுக்குத்தான் காறை எலும்பு முறிந்திருந்தது. அவன் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு மழையில் நின்று, மன்னிச்சிடுங்கக்கா, மன்னிச்சிடுங்கக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

கெபேனா அவனிடம் போனாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள்.

"தம்பி, ஏழு பொம்பளைங்க தன் கால்ல நடந்து வெளிய வந்திருக்கோம். இதுல நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற? பாக்கு வச்சிருக்கியா?"

அவன் சட்டைப்பையில் இருந்தது. மழைக்குள் நின்று ஒரு பாக்கைக் கடித்துப் பங்கு போட்டோம். அவ்வளவு ருசியான பாக்கை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

விமானத்தின் வாலில் இருக்கிற கருவி தானாகவே டவுனுக்குச் சேதி அனுப்பும், ஆனால் இந்த மேகத்தில் யாரும் வர முடியாது என்றான் லேபன். பன்றி நுழையாமல் வேலி கட்டியிருந்தால் உள்ளே தோட்டம் இருக்கும், தோட்டம் இருந்தால் பாதை இருக்கும். வேலியைத் தொட்டுக்கொண்டே நடந்து பாதையைக் கண்டுபிடித்தோம். கொஞ்ச தூரம் இறங்கியதும் கீழேயிருந்து நாய் குரைப்பும், ஆண்கள் கூவுகிற சத்தமும் வந்தன. நாங்களும் கூவினோம். மூட்டத்திலிருந்து கத்தியும் கயிறும் மூங்கில் படுக்கையுமாக ஒரு கூட்டம் வெளியே வந்தது. அதற்கெல்லாம் முன்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி. கிமாலே அணியின் மஞ்சள்.

உலாம்பிதான். ஓடுபாதையில் அணியோடு காத்திருந்தவள், மேலே சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். நெற்றியிலும் கன்னத்திலும் சாவுக்குப் பூசுகிற வெள்ளை மண். மழையில் அது கரைந்து சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. கெபேனாவைப் பார்த்து அப்படியே நின்றாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை எண்ணினாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"மதினி, எங்க விமானத்தை என்ன பண்ணீங்க?"

"மேல வச்சிருக்கோம்," என்றாள் கெபேனா. "இறக்கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீ வேணா ஏறிப் போ." பிறகு அந்த மண்ணைப் பார்த்தாள். "யாருக்குடி ஒப்பாரி? எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

"முழுசாப் பாடிட்டியா?"

"பாதிதான். அதுக்குள்ள உங்க குரல் கேட்டிருச்சு."

"என்னன்னு பாடின?"

"தங்கமான மதினின்னு பாடினேன். ஊர் பூரா கேட்டுட்டாங்க. இப்ப அதை எப்படித் திரும்ப வாங்கறதுன்னு தெரியல."

சொல்லி முடிக்கிறதற்குள் அவள் முகம் கோணிப்போய், மதினியைக் கட்டிக்கொண்டு விட்டாள். இருவரும் சேற்றில் உட்கார்ந்து அழுதார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று அவர்களோடு அழுதோம். மூங்கில் படுக்கையைத் தூக்கி வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும், யாராவது படுங்கள் என்று கெஞ்சினார்கள். கடைசியில் லேபனைப் படுக்கவைத்தார்கள். சரிவில் அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, இதற்கு விமானமே தேவலை என்றான் அவன்.

கிமாலே ஓடுபாதைக் கொட்டகையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. லேபன் அதில் டவுனைக் கூப்பிட்டான். எட்டுப் பேரும் உயிரோடு இருக்கிறோம், விமானம்தான் இல்லை என்று சொன்னான். அந்தப் பக்கம் பல பேர் ஒன்றாகக் கத்துகிற சத்தம் வந்தது. எங்கள் ஊருக்கும் சேதி சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். மேகம் எப்போது விலகுமோ அப்போது ஹெலிகாப்டர் வரும், அதுவரை பத்திரமாக இருங்கள் என்றார்கள்.

அன்று மாலை குழியில் சூடான கற்களைப் போட்டு எங்களுக்காகப் பன்றி சுட்டார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காலையில் நடந்ததை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் சொன்னோம். சொல்லச் சொல்ல மலை உயர்ந்துகொண்டே போனது. லேபன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன்னோடு சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு சிநேகிதன் இதே மாதிரி ஒரு நாளில் கணவாய்க்குள் போனான் என்றான். இடைவெளி கொஞ்சம் தெரிந்ததாம், நுழைந்துவிடலாம் என்று வானொலியில் சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

"எனக்கும் இன்னிக்குக் கொஞ்சம் தெரிஞ்சதுக்கா. வலது ஓரமா, ஒரு ஜன்னல் அளவுக்கு. போயிருக்கலாம்."

"அப்புறம் ஏன் போகல?"

"அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. விமானம் போனாப் போகட்டும்னு முடிவு பண்ணேன்." கிழங்கைத் தோலுரித்துக் கொண்டிருந்தவன் நிறுத்தினான். "ஆனா அது நல்ல விமானம்க்கா. நான் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்துக்கிட்ட முதல் விமானம்."

இன்னொரு கிழங்கு எடுத்து அவன் கையில் வைத்தேன்.

மறுநாள் காலையிலும் மேகம் அசையவில்லை. டவுனில் எங்கள் இரண்டு அணியும் இல்லாமல் போட்டி தொடங்கியிருக்கும். சீருடை போட்டுக்கொண்டு வந்த கிமாலேக்காரிகள் அதைக் கழற்றாமல் கொட்டகைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சீருடையும் பையிலேயே கிடந்தது. எல்லோருக்கும் உள்ளூர ஒரே வருத்தம், சாவிலிருந்து தப்பித்தவர்கள் பந்தாட்டத்துக்காக வருத்தப்படலாமா என்று வெட்கம் வேறு. அதை உடைத்தவள் உலாம்பி.

"நீங்க ஏழு பேர் இருக்கீங்க. நாங்க ஏழு பேர் இருக்கோம். உங்ககிட்ட பந்து இருக்கு," என்றாள். "மதினிக்கு முழங்கால் வலின்னா வேண்டாம்."

கெபேனாவுக்கு உண்மையிலேயே முழங்கால் வீங்கியிருந்தது. அதைச் சொல்லுவாளா? எழுந்து நின்று பந்தைக் கேட்டாள்.

கிமாலேயில் சமமான இடம் என்று ஒன்று கிடையாது. இருப்பதில் பெரிய புல்வெளி ஓடுபாதைதான், அது மலையைப் பார்த்து ஏறுகிறது. குறுக்கே கோடு போட்டால் அகலம் போதவில்லை. அதனால் சரிவோடு நீளமாகவே மைதானம் போட்டார்கள். ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே. கம்பத்துக்குக் காட்டு மரம், வளையத்துக்குப் பிரம்பு. பந்து உருண்டால் ஆற்றுக்குப் போய்விடும் என்பதால் கீழ்க்கோடியில் கிமாலே ஆண்களை வரிசையாகக் கைகோத்து நிற்கவைத்தார்கள். நடுவராக யார் இருப்பது என்று பேச்சு வந்ததும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் லேபனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒருவன்தான் யாருக்கும் உறவில்லை. அவனுக்கு விதிகள் எல்லாம் அத்துப்படி. வீட்டில் நாலு அக்காவாம், நாலு பேரும் ஆடுவார்களாம். பள்ளிக்கூடத்து விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

முதல் பாகத்தில் நாங்கள் மேலேயிருந்து கீழே ஆடினோம். பந்தை விட்டால் போதும், அதுவே போனது. அடுத்த பாகத்தில் பக்கம் மாறியதும் நாக்கு தள்ளிவிட்டது. மேட்டில் ஏறி ஓடி, பந்தை வாங்கி, திரும்புவதற்குள் கிமாலேக்காரிகள் நம் தலைக்கு மேலே நின்றார்கள். மூட்டம் நடுநடுவே இறங்கி வரும். எனக்கு எதிரே உலாம்பி மஞ்சளாகத் தெரிவாள், அவளுக்குப் பின்னால் உலகமே இருக்காது. எங்கிருந்தோ பந்து வந்து அவள் கையில் விழும். ஒரு கட்டத்தில் வளையமே தெரியாமல் போனது. லேபன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.

"ஏன் தம்பி?" என்று மேலேயிருந்து கெபேனா கத்தினாள்.

"ஒண்ணும் தெரியல. தெரியற வரைக்கும் யாரும் நகரக்கூடாது."

பதினாலு பேரும் நின்ற இடத்திலேயே மழையில் நின்றோம். மூட்டத்துக்குள்ளிருந்து உலாம்பி என்னிடம் கிழங்கு நன்றாக இருந்ததா என்று விசாரித்தாள். டவுன் கிழங்கைவிடப் பரவாயில்லை என்றேன். சுற்றிலும் எங்கேயோ ஜனம் சிரித்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள் என்பது மூட்டம் விலகியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு ஓரத்திலும் தலைக்கு இலை பிடித்துக்கொண்டு ஒரே மனுஷச் சுவர்.

கடைசிப் பாகத்தில் கோல் கணக்கு சமமாக நின்றது. ஒரு பந்துக்கு எழும்பிக் குதித்தவள், அவர்களுடைய விங் அட்டாக் இடித்ததில் சேற்றில் வழுக்கி, கணுக்கால் மடங்கி விழுந்தேன். சுரீர் என்றது. வலியைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், என்னைத் தவிர அங்கே அவ்வளவு அகலமாக நிற்க வேறு ஆள் இல்லை. அப்போதுதான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. மேகத்தில் ஒரு நீலக் கிழிசல் விழுந்து, அதன் வழியாக ஹெலிகாப்டர் இறங்கி வந்தது. அவர்கள் இறங்க வேண்டிய இடத்தில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். ஜனம் மொத்தமும் கையை ஆட்டி, போ, போ, ஓரமாய்ப் போ என்றது. அது எங்களுக்கு மேல் ஒரு தடவை தயங்கி நின்றுவிட்டு, ஓடுபாதையின் மேல்கோடிக்கு ஒதுங்கிப் போய் உட்கார்ந்தது.

அதிலிருந்து படுக்கையும் மருந்துப் பெட்டியுமாக ஓடி வந்தவர்கள் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். எங்கே அடிபட்டவர்கள் என்று ஒருவர் கேட்டார். ஆட்டம் முடியட்டும் என்று பல பேர் சொன்னார்கள்.

பந்து உலாம்பி கைக்கு வந்தது. நான் நொண்டிக்கொண்டே போய் அவள் முன்னால் கையைத் தூக்கினேன். விசில் ஒலித்தது. மூன்றடி தள்ளி நிற்கவில்லை, பெனால்ட்டி என்று லேபன் என்னைக் காட்டினான். நான் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. உலாம்பிக்கு முன்னால் யாருமே இல்லை. அவள் அவசரப்படாமல் முகத்து மழையைத் துடைத்துவிட்டு எறிந்தாள். பந்து பிரம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்தது. கிமாலே ஜெயித்தது.

நான் நடுவரை நோக்கி நொண்டினேன். என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கெபேனா நாத்தனாரிடம் போய், சாப்பாடு போட்டவர்களை ஜெயிப்பது நாகரிகமில்லை என்றுதான் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உலாம்பி, அப்படியா மதினி, அடுத்த வருஷமும் வந்து விழுங்க என்றாள். மருந்துப் பெட்டிக்காரர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு, விமானம் விழுந்தபோது பட்ட அடியா என்று கேட்டார். இல்லை, கிமாலே விங் அட்டாக் தள்ளியது என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

லேபனையும் என்னையும் மட்டும் ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். மற்றவர்கள் வானம் தெளிந்த பிறகு போகலாம் என்று தங்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் யாருக்கும் கிளம்ப மனசில்லை. இன்னொரு பன்றி பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

மேலே எழும்பும்போது நான் இன்னும் லேபனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றடி தள்ளித்தான் நின்றேன், சரிவில் நிற்கிறவளுக்கு அடியை எப்படி அளப்பாய் என்று காதுக்குள் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு வெளியே பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன்.

மலைமுகட்டில் மேகம் கலைந்திருந்தது. எங்கள் விமானம் வெயிலில் கிடந்தது. புல்லில் அது ஓடிவந்த தடம் நேர்க்கோடாக, பழுப்பாகத் தெரிந்தது. அந்தக் கோடு நேராகப் போய், திடீரென்று இடது பக்கம் வளைந்து வேலியில் முடிந்திருந்தது. வளையாமல் இன்னும் கொஞ்சம் நேராகப் போயிருந்தால் மலை இல்லை. புல் விளிம்பில் மலை அப்படியே வெட்டுண்டு, கீழே, வெகு கீழே, ஆறு வெள்ளை நூலாகக் கிடந்தது. நாங்கள் இறங்கி ஓடி நின்று பாக்குத் தின்ற இடம் எதுவென்று நான் தேடினேன். அந்த விளிம்பிலிருந்து ரொம்பத் தள்ளி ஒன்றும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஒரு கணம் மேகம் விலகிச்சுக்கா. பாத்துட்டேன். அதான் ஒரு பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதிச்சேன். சக்கரம் போயிடுச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"இறங்கினதும் சொல்லத்தான் நினைச்சேன். நீங்க எல்லாரும் பாக்கு கேட்டீங்க."

நான் அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். டவுன் வரும்வரை விடவில்லை. இறங்கிய பிறகுதான், ஆனாலும் அது பெனால்ட்டி இல்லை என்று சொன்னேன்.

விமானத்தை ஏன் அங்கே இறக்கினான் என்று அவனைப் பல பேர் பல நாள் விசாரித்தார்கள். எங்களையும் கேட்டார்கள். ஏழு பேரும் போய் உட்கார்ந்து சொன்னோம், கெபேனா சொன்னதைத்தான் கேட்டவர்களால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவன் செய்தது சரி என்றே எழுதினார்கள். காறை எலும்பு கூடியதும் வேறொரு விமானத்தோடு எங்கள் மலைக்குத் திரும்பி வந்தான்.

ஒரு நாள் என் காப்பி மூட்டைகளோடு நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிளம்பினேன். பின்னால் டவுன் சந்தைக்குப் போகிற நாலு பேர். கணவாய்க்கு வந்தோம், மேகம் அடைத்திருந்தது. லேபன் விமானத்தைத் திருப்பினான், வந்த வழியே போய் யாங்கோபியில் இறக்கிவிட்டான். யாரும் முணுமுணுக்கவில்லை. மூட்டைகளை இறக்கிக் கொட்டகையில் போட்டோம். கெபேனா வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லேபன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்போரமாக உட்கார்ந்து, உங்க ஊர்ல மனுஷன் இருப்பானா, என்ன குளிரு என்று புலம்பினான். கெபேனா அவன் தட்டில் கிழங்கை வைத்தாள். மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, நாங்கள் போனோம்.